அங்கீகரிக்காத அண்டை அரசுடன் வணிக ஒப்பந்தம் செய்துகொள்வது எப்படி?

2010 ஜூன் 29 அன்று, சீனாவின் சோங்சிங் நகரில், சீனாவுக்கும் தைவானுக்கும் இடையே பொருளாதார ஒத்துழைப்புக் கட்டமைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பல நூறு கோடி டாலர் வணிகத்தைத் தொட்ட அந்த ஆவணத்தில் எந்த அமைச்சரும் கையெழுத்திடவில்லை. தைவான் தரப்பில் கையெழுத்திட்ட சியாங் பின்-குங் முன்னாள் பொருளாதார அமைச்சர்; சீனத் தரப்பில் கையெழுத்திட்ட சென் யுன்லின் அந்நாட்டு அரசின் தைவான் விவகார அலுவலகத்துக்கு முன்பு தலைவராக இருந்தவர். இருவரும் அன்று அமர்ந்திருந்தது, அரசுக்கு வெளியே பதிவு செய்யப்பட்ட இரண்டு அமைப்புகளின் தலைவர்களாக மட்டுமே.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால், வெவ்வேறு அரசுகளின் கீழ் இருக்கும் அண்டைப் பகுதிகள் பொருளாதார ஒத்துழைப்பைப் பற்றி எப்படிப் பேசுகின்றன என்ற கேள்வியில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். பெய்ஜிங் அரசு தைவானைத் தன் நாட்டின் பகுதியாகவே கருதுகிறது. சீனக் குடியரசு என்ற பெயரில் தைபேயிலிருந்து ஆளும் அரசுக்கோ தனி அரசமைப்பு, தனி நாணயம், தனிப் படை, தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் என ஓர் அரசுக்குரிய எல்லாமே உண்டு. 1949 முதல் இரு தரப்பும் ஒன்றையொன்று அரசாக அங்கீகரித்ததில்லை. இரண்டு நாடுகள் செய்துகொள்ளும் ஒப்பந்தமாக எழுதினால் பெய்ஜிங் ஏற்காது. ஒரு நாட்டின் மைய அரசும் மாகாணமும் செய்துகொள்ளும் ஏற்பாடாக எழுதினால் தைபே ஏற்காது. ஆனாலும் சரக்குக் கப்பல் துறைமுகத்துக்கு வந்து நிற்கும்போது, அதற்கு எவ்வளவு வரி, எந்தச் சான்றிதழ், யாருடைய முத்திரை என்ற கேள்விகளுக்கு யாராவது விடை சொல்லித்தான் ஆக வேண்டும்.

அங்கீகாரம் என்ற பெரிய கேள்வியைத் தொடாமலேயே சிறிய கேள்விகளுக்கு விடை காணும் கலைதான் இத்தகைய பேச்சுவார்த்தை. அது பலமுறை வெற்றி பெற்றிருக்கிறது. ஆனால் அதே வடிவம்தான் இத்தகைய ஒப்பந்தங்களின் பலவீனமும் ஆகிறது என்பது என் கருத்து. கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

வணிகம் முதலில், பேச்சு பிறகு

அரசுகள் பேசி முடிவெடுத்த பிறகே வணிகம் தொடங்குகிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அண்டைப் பகுதிகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறானது. 1979 ஜனவரி 1 அன்று பெய்ஜிங், அஞ்சல், போக்குவரத்து, வணிகம் ஆகிய மூன்று தொடர்புகளையும் திறக்கலாம் என்று தைவான் மக்களுக்கு ஒரு செய்தி விடுத்தது. தொடர்பு இல்லை, பேச்சு இல்லை, சமரசம் இல்லை என்பதே அன்றைய தைவான் அதிபர் சியாங் சிங்-குவோவின் நிலைப்பாடாக இருந்தது. ஆனால் 1980களில் தைவானில் கூலியும் நிலத்தின் விலையும் ஏறத் தொடங்கின. காலணி, பொம்மை, குடை போன்ற பொருள்களைச் செய்துவந்த தொழிற்கூடங்கள், இரு கரைகளையும் பிரிக்கும் தைவான் நீரிணைக்கு அப்பால் ஒரே மொழி பேசும் தொழிலாளர்கள் மலிவாகக் கிடைப்பதைக் கண்டுகொண்டன. நேரடியாக முதலிட முடியாதவர்கள் ஹாங்காங்கில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் வழியாக முதலிட்டார்கள். சரக்கும் ஹாங்காங் போன்ற மூன்றாம் துறைமுகங்கள் வழியாகவே போய்வந்தது.

1987-இல் தைவானில் இராணுவச் சட்டம் விலக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பர் முதல் பெருநிலத்தில், அதாவது சீனாவில், உள்ள உறவினரைக் காணச் செல்லவும் அனுமதி கிடைத்தது. சீன உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்று 1949-இல் தீவுக்கு வந்த படைவீரர்கள் அதற்குள் முதுமையடைந்திருந்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகப் பார்க்காத உறவினரைத் தேடிச் சென்ற அவர்களுக்குப் புதுவிதச் சிக்கல்கள் காத்திருந்தன. பெருநிலத்தில் வழங்கப்பட்ட திருமணச் சான்றிதழை தைவான் நீதிமன்றம் எப்படி ஏற்கும்? தைவானில் இறந்தவரின் சொத்துக்கு, அக்கரையில் இருக்கும் மகன் வாரிசு என்று யார் உறுதி செய்வது? பதிவு அஞ்சல் தொலைந்துபோனால் யாரிடம் முறையிடுவது? அரசுகள் வாய் திறக்க மறுத்த இடத்தில் மக்களின் காகிதங்கள் குவிந்துகொண்டிருந்தன.

பேச யார் உட்காருவது?

இந்தக் காகிதங்களைக் கையாளவே தைவான் 1990-இல் நீரிணைப் பரிமாற்ற அறக்கட்டளையை நிறுவியது. சட்டப்படி அது தனியார் அறக்கட்டளை. ஆனால் அதன் நிதியில் பெரும்பங்கு அரசிடமிருந்து வந்தது. என்ன பேசலாம், எதுவரை பேசலாம் என்பதை அரசின் பெருநில விவகார மன்றமே எழுத்து வடிவில் அதிகாரமளித்து வரையறுத்தது. பெய்ஜிங் 1991 டிசம்பரில் இதற்கு இணையாகத் தைவான் நீரிணை உறவுகளுக்கான சங்கத்தை அமைத்தது. அரசு நேரடியாகக் கைவைக்காமல் அரசின் வேலையைச் செய்யும் இத்தகைய அமைப்புகளைச் சீன மொழியில் வெள்ளைக் கையுறை என்று சொல்வதுண்டு. உள்ளே இருக்கும் கை யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தும் இரு தரப்பும் கையுறையோடு கை குலுக்குவதில்தான் ஏற்பாட்டின் பயன் இருக்கிறது. நாளை உள்நாட்டில் கேள்வி எழுந்தால், அந்த அரசை அங்கீகரித்துவிட்டோம் என்ற குற்றச்சாட்டை இரு தலைநகரங்களும் மறுக்கலாம்.

1993 ஏப்ரல் இறுதியில் சிங்கப்பூரில் இவ்விரு அமைப்புகளின் தலைவர்களும் முதன்முறையாகச் சந்தித்தார்கள். தைவான் தரப்பில் வந்த கூ சென்-ஃபு சிமெண்ட் தொழிலதிபர். சீனத் தரப்பில் வந்த வாங் தாவ்ஹான் ஷாங்காயின் முன்னாள் மேயர். உலகமே கவனித்த அந்தச் சந்திப்பில் கையெழுத்தான நான்கு ஆவணங்களில் ஒன்று நோட்டரி சான்றிதழ்களைச் சரிபார்ப்பது பற்றியது. இன்னொன்று பதிவு அஞ்சலைத் தேடிக் கண்டுபிடிப்பது, தொலைந்தால் இழப்பீடு தருவது ஆகியவற்றைப் பற்றியது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இத்தகைய பேச்சின் இலக்கணமே இதுதான். இறையாண்மையைத் தொடாத, இரு தரப்பு மக்களுக்கும் அன்றாடம் தேவைப்படும் ஒன்றில் தொடங்கி, கையெழுத்திடும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1992-இல், ஹாங்காங்கில் நடந்த ஆயத்தப் பேச்சில் "ஒரே சீனா" என்ற கருத்தை எப்படிச் சொல்வது என்பதே முட்டுக்கட்டையாக இருந்தது. இரு தரப்பும் அதைத் தத்தம் வழியில் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, அப்போதைக்கு வழியைத் திறந்தது. பிற்காலத்தில் "1992 ஒருமித்த கருத்து" என்று அழைக்கப்பட்ட இதன் பெயரே 2000-இல்தான் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஒரு சீனா எது என்பதை ஒவ்வொரு தரப்பும் தன் விருப்பப்படி விளக்கிக்கொள்ளலாம் என்பது தைவானின் குவோமின்டாங் கட்சி தரும் பொருள். விருப்பப்படி விளக்கிக்கொள்ளலாம் என்ற அந்தப் பகுதியை பெய்ஜிங் வலியுறுத்துவதில்லை. அப்படியொரு ஒருமித்த கருத்து எட்டப்படவே இல்லை என்பது தைவானின் மற்றொரு பெரிய கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சியின் நிலைப்பாடு. தெளிவின்மை இங்கே எழுத்துப் பிழையாக நேர்ந்தது அன்று. திட்டமிட்டு வைக்கப்பட்ட கருவி. அந்தக் கருவி இரு தரப்பும் அதைப் பயன்படுத்த விரும்பும் காலம்வரைதான் உதவும். 1995-இல் தைவான் அதிபர் லீ தெங்-ஹுய் அமெரிக்காவுக்குச் சென்றதும் பேச்சு நின்றது. 1998-இல் மீண்டும் தலைவர்கள் சந்தித்தார்கள். 1999-இல், இது நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையிலான சிறப்பு உறவு என்று லீ சொன்னதும் மறுபடி நின்றது. 2008-இல் குவோமின்டாங்கின் மா யிங்-ஜியோ அதிபரான பிறகே அது புத்துயிர் பெற்றது.

இது ஆசியாவுக்கு மட்டும் உரிய உத்தி அன்று. பிளவுபட்ட ஜெர்மனியில் மேற்கும் கிழக்கும் ஒன்றையொன்று அங்கீகரிக்காத காலத்தில், 1951 செப்டம்பர் 20 அன்று பெர்லின் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதில் இரண்டு நாடுகளைப் பற்றிய பேச்சே இல்லை. மேற்கு மார்க் நாணயப் பகுதி, கிழக்கு மார்க் நாணயப் பகுதி என்ற இரண்டு பகுதிகள்தாம் வணிகம் செய்துகொண்டன. மேற்குத் தரப்பில் பேசுவதற்கும் ஒரு தனி வணிகப் பொறுப்பு அலுவலகம் இருந்தது. பணத்துக்குப் பதிலாகக் கணக்கு அலகு என்ற ஒன்றை ஏற்படுத்தி, இரு தரப்பின் மைய வங்கிகளிலும் வரவு செலவை எழுதிக்கொண்டார்கள். கிழக்கு ஜெர்மனி கூடுதலாக வாங்கிவிட்டால், ஒரு வரம்புவரை வட்டியின்றிக் கடன் நிற்கலாம். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உருவாக்கிய 1957 ரோம் உடன்படிக்கையோடு இணைக்கப்பட்ட ஒரு நெறிமுறை, இந்த வணிகத்தை ஜெர்மனியின் உள்வணிகமாகவே ஏற்றுக்கொண்டது. அதனால் கிழக்கு ஜெர்மனியின் சரக்கு சுங்கவரி இன்றி மேற்கு ஜெர்மனிக்குள் வர முடிந்தது. அங்கீகாரம் மறுக்கப்பட்டதே வணிகச் சலுகைக்குக் காரணமாக அமைந்த விந்தை இது.

எந்தப் பெயரில் கையெழுத்திடுவது?

அடுத்த முடிச்சு பெயர். இதை அவிழ்க்க உதவும் சட்டக் கருத்து, சுங்க எல்லைப் பகுதி என்பது. ஒரு பகுதிக்கு வெளியிலிருந்து வரும் பொருளுக்கு அப்பகுதி தானே வரி விகிதத்தை நிர்ணயித்து, தானே வசூலிக்குமானால், வணிகச் சட்டத்தின் கண்ணில் அது ஒரு தனி அலகு. அது நாடா, இல்லையா என்ற கேள்விக்கு விடை தேவையில்லை. வெளிநாட்டு வணிக உறவுகளை முழுத் தன்னாட்சியோடு நடத்தும் எந்தத் தனிச் சுங்க எல்லைப் பகுதியும் உறுப்பினராகலாம் என்று உலக வர்த்தக அமைப்பின் விதிகள் சொல்கின்றன. ஹாங்காங் 1995 முதலே அங்கு தனி உறுப்பினர். 2001 நவம்பரில் தோஹாவில் நடந்த மாநாட்டில் ஒருநாள் சீனாவின் சேர்க்கைக்கும், மறுநாள் தைவானின் சேர்க்கைக்கும் ஒப்புதல் கிடைத்தது. சீனா அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று உறுப்பினரானது. தைவான் 2002 ஜனவரி 1 அன்று, "தைவான், பெங்கு, கின்மென், மாட்சு தனிச் சுங்க எல்லைப் பகுதி" என்ற நீண்ட பெயரில் உறுப்பினரானது.

இந்த உறுப்பினர் தகுதி ஒரு கதவைத் திறந்ததோடு ஒரு கடமையையும் சுமத்தியது. உலக வர்த்தக அமைப்பில், ஓர் உறுப்பினருக்குத் தரும் வரிச் சலுகையைப் பிற எல்லா உறுப்பினர்களுக்கும் தர வேண்டும் என்பது பொது விதி. இருவர் மட்டும் தங்களுக்குள் சலுகை செய்துகொள்ள வேண்டுமானால், பெரும்பாலான வணிகத்தை உள்ளடக்கிய தடையற்ற வணிகப் பகுதியை நோக்கி நகர்வதாகக் காட்ட வேண்டும். சோங்சிங்கில் கையெழுத்தானதைக் கட்டமைப்பு ஒப்பந்தம் என்று அழைத்ததன் பின்னணி இதுதான்: முழு வீட்டையும் இன்றே கட்டவில்லை, ஆனால் கட்டப்போகிறோம் என்ற உறுதிமொழி அதில் இருக்கிறது. அதன் முகப்புரையும் உலக வர்த்தக அமைப்பின் அடிப்படைக் கொள்கைகளைக் குறிப்பிடுகிறது. இன்னொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் நான்கு படிகளில் கையெழுத்தாகி, தரப்புக்கு இரண்டு படிகளாகப் பிரித்துக்கொள்ளப்பட்டது. அவற்றில் சொற்கள் வேறுபடும் இடங்களிலும் பொருள் ஒன்றே என்றும், நான்கும் சமமான செல்லுபடி உடையவை என்றும் ஒப்பந்தமே சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு தரப்பும் தனக்கு உவப்பான சொற்களோடு ஊர் திரும்பலாம்.

பட்டியலில் என்ன இருந்தது?

தைவான் 2010-இல் அவசரப்பட்டதற்குத் தெளிவான காரணம் இருந்தது. அவ்வாண்டு ஜனவரி 1 முதல் சீனாவுக்கும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளுக்கும் இடையிலான தடையற்ற வணிகப் பகுதி முழு வடிவம் பெற்றது. தாய்லாந்திலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் பெட்ரோகெமிக்கல் பொருளுக்கு வரி இல்லை, தைவானிலிருந்து வரும் அதே பொருளுக்கு வரி உண்டு என்ற நிலையில், தீவின் ஆலைகள் சந்தையை இழக்கும் என்ற அச்சம் பரவியிருந்தது. வேறு நாடுகளோடு ஒப்பந்தம் செய்து ஈடுகட்டவும் வழியில்லை. அதுவரை தைவானோடு தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்திருந்தவை, அதை அங்கீகரித்திருந்த ஒரு சில மத்திய அமெரிக்க நாடுகள் மட்டுமே. பெரிய பொருளாதாரங்கள் பெய்ஜிங்கின் முகச்சுளிப்புக்கு அஞ்சின.

இத்தகைய பேச்சின் உண்மையான வேலை பட்டியல்களில்தான் நடக்கிறது. உலகெங்கும் சுங்கத் துறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் குறியீடு வைத்திருக்கின்றன. எந்தெந்தக் குறியீட்டுக்கு வரி குறைய வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்கும். எவற்றைத் தர முடியும் என்று மறு தரப்பு சொல்லும். நிபுணர்கள் மாதக்கணக்கில் இந்தக் குறியீடுகளை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். முழு ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமல், முதலில் ஒத்துப்போகும் பொருள்களுக்கு மட்டும் உடனே சலுகை தரும் பகுதியை முன்னறுவடைப் பட்டியல் என்பார்கள். சோங்சிங் ஒப்பந்தத்தில் தைவானிலிருந்து சீனா செல்லும் 539 பொருள்களும், எதிர்த்திசையில் 267 பொருள்களும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. 2009-ஆம் ஆண்டு வணிகக் கணக்குப்படி முதல் பட்டியலின் மதிப்பு சுமார் 1,384 கோடி அமெரிக்க டாலர். இரண்டாவதன் மதிப்பு சுமார் 286 கோடி டாலர். 2011 ஜனவரி 1 முதல் படிப்படியாக வரி குறைந்து, 2013-இல் சுழியமானது.

பெரிய பொருளாதாரம் சிறிய பொருளாதாரத்துக்கு ஏன் இவ்வளவு கூடுதலாகத் தந்தது? தைவானின் 18 வேளாண், மீன்வளப் பொருள்களுக்குச் சீனா வரியை நீக்கியது. தைவானோ தன் வேளாண் சந்தையைத் திறக்கவே இல்லை. வணிக நோக்கில் மட்டும் பார்த்தால் இது புரியாது. தைவானின் தெற்கிலுள்ள உழவர்களும் மீன்வளர்ப்போரும் மரபாகக் குவோமின்டாங்குக்கு எதிராக வாக்களிப்பவர்கள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு விளங்கும். தராசு சமமாக இல்லாத வணிக ஒப்பந்தத்தில், விட்டுக்கொடுத்தவர் வேறு எதையோ எதிர்பார்க்கிறார் என்று கொள்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பட்டியலைவிடக் குறைவாகப் பேசப்படும் ஒன்று, உற்பத்தி மூல விதி. தைவானின் பொருளுக்கு வரி இல்லை என்றால், வேறு நாட்டுப் பொருளைத் தைவானில் இறக்கி, பெயரை மாற்றி அனுப்புவதைத் தடுக்க வேண்டும். எவ்வளவு பங்கு மதிப்பு உள்ளூரில் கூடியிருந்தால் அது உள்ளூர்ப் பொருள் என்று வரையறுத்து, அதற்குச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். அங்கீகாரச் சிக்கல் இந்த முத்திரை வடிவில் திரும்பி வருவதுண்டு. சைப்ரஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அத்தீவு 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, துருக்கியைத் தவிர வேறு எந்த நாடும் அங்கீகரிக்காத நிர்வாகத்தின் கீழ் இருக்கும் வடபகுதியில் ஒன்றியத்தின் சட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. வடபகுதிப் பொருள் தெற்கே கடக்க வேண்டுமானால் சான்று வேண்டும். ஆனால் வடபகுதி நிர்வாகத்தின் முத்திரையை ஏற்பது அங்கீகாரமாகிவிடும். துருக்கிய சைப்ரஸ் வணிகர் சங்கம் சான்றளிக்கலாம் என்று முடிவு செய்து சிக்கலைத் தீர்த்தார்கள். அந்த வணிகம் சிறியதுதான்; ஆயினும் இன்றும் நடக்கிறது.

கையெழுத்துக்குப் பிறகு

எதிர்த்தரப்பை இணங்கவைப்பதே கடினம் என்று நினைப்போம். பலமுறை, சொந்த மக்களை இணங்கவைப்பதே அதைவிடக் கடினமாகிறது. 2013 ஜூன் 21 அன்று சீனாவும் தைவானும் ஷாங்காயில் சேவைத் துறை வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சீனா 80 பிரிவுகளையும் தைவான் 64 பிரிவுகளையும் திறப்பதாக அதில் ஒப்புக்கொண்டன. அச்சுத் தொழில், அழகு நிலையங்கள், விளம்பரம் போன்ற சிறுதொழில்களில் இருந்தவர்கள், தங்களிடம் முன்கூட்டியே யாரும் கலந்து பேசவில்லை என்றார்கள். ஒவ்வொரு பிரிவாக ஆராயப்படும் என்று வாக்களித்திருந்தும், 2014 மார்ச் 17 அன்று நாடாளுமன்றக் குழுவில் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் சில நொடிகளில் ஆய்வு முடிந்ததாக அறிவித்தார். மறுநாள் இரவு மாணவர்கள் நாடாளுமன்ற அவைக்குள் புகுந்து, ஏப்ரல் 10 வரை அங்கேயே தங்கினார்கள். சூரியகாந்தி இயக்கம் என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டத்தின் முதன்மைக் கோரிக்கை, நீரிணை ஒப்பந்தங்களைக் கண்காணிக்க முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்பது. அந்தச் சேவை ஒப்பந்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. வெள்ளைக் கையுறை பெய்ஜிங்கோடு பேச உதவியது. ஆனால் அதே கையுறை, வீட்டிலிருந்தோரின் கண்ணில் ஒளித்துச் செய்யும் பேரமாகத் தோன்றியது.

இரண்டாவது பலவீனம், தகராறைத் தீர்க்கும் இடம் இல்லாதது. 2010 ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தகராறு தீர்ப்பு முறையைப் பற்றிப் பேசத் தொடங்குவதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. அது ஒருபோதும் முடிவுக்கு வரவில்லை. காரணம் எளியது: நடுவர் மன்றம் என்று ஒன்றை அமைத்தால், சமமான இரண்டு தரப்புகள் மூன்றாமவர் முன் நிற்கின்றன என்று பொருளாகிவிடும். அதனால் கருத்து வேறுபாடு வந்தால், பேசித் தீர்ப்பது என்பது மட்டுமே மிஞ்சியது. 2016-இல் ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங்-வென் அதிபராகி, 1992 பற்றிய பெய்ஜிங்கின் வாசகத்தை ஏற்க மறுத்தபோது, பெய்ஜிங் அந்தப் பேச்சு வழியையும் அடைத்துவிட்டது.

அதன் பிறகு நடந்தவை, இந்த வடிவத்தின் எல்லையைக் காட்டின. 2021 மார்ச் 1 முதல், பூச்சிகள் இருப்பதாகச் சொல்லித் தைவானின் அன்னாசியைச் சீனா தடுத்தது. 2023-இல், தன் பொருள்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தைவான் இறக்குமதி செய்ய அனுமதிக்கவில்லை என்று சீன வணிக அமைச்சகம் விசாரணை தொடங்கியது. தைவான் அப்படித் தடை வைத்திருப்பது உண்மையே. உலக வர்த்தக அமைப்பின் பொது விதியோடு அதைப் பொருத்துவதும் எளிதன்று. ஆனால் அந்தத் தடைகள் 2010-இலும் இருந்தன. அன்று அவை பேச்சுக்குத் தடையாகவில்லை. விசாரணையின் முடிவு, தைவானின் 2024 ஜனவரி அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு வெளியானது. அதைத் தொடர்ந்து 12 பெட்ரோகெமிக்கல் பொருள்களுக்கான சலுகை 2024 ஜனவரி 1 முதலும், புதிய அதிபர் லாய் சிங்-தே பதவியேற்ற சில நாள்களில் அறிவிக்கப்பட்டபடி மேலும் 134 பொருள்களுக்கான சலுகை ஜூன் 15 முதலும் நிறுத்தப்பட்டன. தேதிகளை வரிசையாக வைத்துப் படிப்பவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதால் மட்டும் இதைத் தடுத்துவிட முடியாது என்பதற்குக் கொரியா சான்று. எல்லைக்கு வடக்கே இருக்கும் கேசாங் தொழில் வளாகத்தில் தென்கொரிய நிறுவனங்கள் முதலீடும் இயந்திரமும் கொண்டுவந்தன. வடகொரியா நிலமும் தொழிலாளரும் தந்தது. 2004 டிசம்பரில் முதல் பொருள் வெளிவந்த அந்த வளாகம், 120-க்கும் மேற்பட்ட நிறுவனங்களும் 50,000-க்கும் மேற்பட்ட வடகொரியத் தொழிலாளர்களும் கொண்டதாக வளர்ந்தது. 2013 ஏப்ரலில் வடகொரியா தொழிலாளர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆகஸ்டில் சமரசமாகி, எந்தச் சூழ்நிலையிலும் வளாகத்தின் இயக்கம் பாதிக்கப்படாது என்று இரு தரப்பும் எழுத்தில் உறுதியளித்தன. 2016 ஜனவரியில் வடகொரியா அணுகுண்டுச் சோதனை நடத்தி, பிப்ரவரியில் ராக்கெட்டும் ஏவியபோது, பிப்ரவரி 10 அன்று வளாகத்தை மூடியது தென்கொரியா. எழுதிய உறுதியை இம்முறை மீறியது மறு தரப்பு என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை.

ஜெர்மனியிலும் இதே சோதனை வந்தது. மேற்கு ஜெர்மானியர்கள் கிழக்கு பெர்லினுக்குள் வரக் கிழக்கு ஜெர்மனி கட்டுப்பாடு விதித்ததால், 1960 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனி வணிக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் மீண்டும் பேசி, 1961 ஜனவரி முதலே அதைத் தொடர்ந்தது; பிறகு 1990 வரை அது நீடித்தது. ஏன் அங்கே நீடித்தது? மேற்கு பெர்லின் நகருக்குச் செல்லும் சாலைகளும் இரயில்களும் கிழக்கு ஜெர்மனி வழியாகவே போயின; கிழக்குக்கோ மேற்கின் எஃகும் வட்டியில்லாக் கடனும் வேண்டியிருந்தன. ஒருவர் கையில் இருந்த பிடி மற்றவர் கையிலும் இருந்தது. சைப்ரஸில் ஏற்பாடு நிலைத்ததற்குக் காரணம் வேறு: அது இரு தரப்பும் செய்துகொண்ட ஒப்பந்தமே அன்று, ஐரோப்பிய ஒன்றியம் தனியாக இயற்றிய விதி. எனவே கோபம் வந்தாலும் கிழித்தெறிய வடபகுதியின் கையில் எதுவும் இல்லை. காஷ்மீரில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டின் குறுக்கே 2008 அக்டோபர் 21 அன்று தொடங்கிய வணிகத்துக்கு இவ்விரண்டு பாதுகாப்பும் இல்லை. 21 வகைப் பொருள்கள், வரியில்லை, வங்கி வழி இல்லாததால் பண்டமாற்று என்று நடந்துவந்த அதை, ஆயுதமும் போதைப்பொருளும் கள்ள நோட்டும் கடத்தப்படுவதாகக் கூறி 2019 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது.

நீரிணை ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவு, ஒரு தரப்பு எழுத்துமூலம் அறிவித்து, பேச்சில் உடன்பாடு ஏற்படாவிட்டால், அறிவித்த நாளிலிருந்து 180 நாளில் ஒப்பந்தம் முடிவுக்கு வரும் என்கிறது. அந்த அறிவிப்பை பெய்ஜிங் தரவில்லை. சலுகைகளைப் பொருள் பொருளாக எடுத்துக்கொள்ளும் வழியையே தேர்ந்தெடுத்தது. ஒரேயடியாக முடித்துவிட்டால், அடுத்த முறை எடுத்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. தைபேயும் அறிவிப்புத் தரவில்லை; பட்டியலில் எஞ்சியிருக்கும் பொருள்களின் ஏற்றுமதியாளர்களுக்கு வரியில்லாச் சந்தை இன்னும் திறந்தே இருக்கிறது, அதைத் தானே மூடிக்கொள்ள எந்தத் தைவான் அரசும் விரும்பாது. எனவே முழுமையான தடையற்ற வணிகப் பகுதியை நோக்கிய முதல் படியாக எழுதப்பட்ட ஒப்பந்தம், அடுத்த படிக்குப் போகாமலும் முடிவுக்கு வராமலும், இரு தரப்பின் சுங்க அலுவலகங்களிலும் இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது.